உப்புத் தண்ணீர் ஊருக்கு ஒரு வாஷிங் மெஷின்: பேரிங்கை வெளியே கொண்டுவந்தால் என்ன?

தேரிக்காட்டான்
ஞாயிறு, இரவு 9.10

திசையன்விளைப் பக்கம் எங்கள் வீடு. அம்மாவுக்காக வாங்கிய 7 கிலோ ஃப்ரன்ட் லோடு மெஷின் ஆறே வருஷத்தில் படுத்துவிட்டது. முதலில் பிழியும்போது மட்டும் ஒரு முனகல். அப்புறம் அது மாவு மில் ஓடுகிற சத்தமானது. போன வாரம் டிரம், அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கிற வெளித்தொட்டியான டப்பில் போய் இடிக்கவே ஆரம்பித்துவிட்டது. பேரிங் மட்டும் மாற்ற முடியாது, டப்பின் இரண்டு பாதியும் உருக்கி ஒட்டியது, முழு டப்பாகத்தான் வாங்க வேண்டும் என்று சர்வீஸில் சொன்னார்கள். விலை புது மெஷினில் பாதிக்கு மேல்.

மனசு கேட்கவில்லை. வெளி டப்பை நானே ஹாக்ஸா பிளேடால் அறுத்துப் பார்த்தேன். டிரம்முக்குப் பின்னால் மூன்று கை வைத்த அலுமினிய வார்ப்பு ஒன்று இருக்கிறது, ஸ்பைடர் என்கிறார்கள். அதில் ஒரு கை முறிந்து கிடந்தது. மற்ற இரண்டையும் நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. டிரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதைத் தாங்குகிற கை அலுமினியம். இரண்டையும் சேர்த்து உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் அலுமினியம்தான் அரிக்கும். பள்ளிக்கூடத்திலேயே படித்த விஷயம். சோப்புத்தூளின் காரம் வேறு அலுமினியத்துக்கு ஆகாது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை என்று இருக்கிறது. எங்கள் போர் தண்ணீர் அந்த 600-ஐயும் தாண்டி நிற்கிறது.

இன்னொன்றும் கவனித்தேன். ஃப்ரன்ட் லோடில் கதவு முன்னால் இருப்பதால் டிரம்மை முன்னால் தாங்க முடியாது. முழுப் பாரமும் பின்பக்க ஷாஃப்ட் ஒன்றில் தொங்குகிறது, சுவரில் அடித்த ஆணியில் பை தொங்குகிற மாதிரி. அதனால்தான் தடித்த ஷாஃப்ட், பெரிய பேரிங், வலுவான ஸ்பைடர் எல்லாம் தேவைப்படுகிறது. ஐரோப்பாவில் மேலே திறக்கிற படுக்கை டிரம் மெஷின் இருக்கிறது. 40 சென்டிமீட்டர் அகலம்தான். டிரம்மின் இரண்டு பக்கமும் பேரிங், கிணற்று ராட்டினம் இரண்டு தூணில் நிற்கிற மாதிரி. அது ஏன் நம் ஊருக்கு வரவில்லை?

நான் யோசிப்பது இதுதான். படுக்கை டிரம், இரண்டு பக்கமும் தாங்கல். தண்ணீர் படுகிற இடத்தில் அலுமினியமே கூடாது. டப் போல்ட் போட்டுப் பூட்டியதாக இருக்க வேண்டும், ஒட்டியதாக இருக்கக் கூடாது. ஹீட்டர் வேண்டாம், எலக்ட்ரானிக் போர்டும் வேண்டாம். இந்த வேலையில் இருப்பவர்கள் குறை சொல்லுங்கள்.


பாளை ஸ்பேனர்
ஞாயிறு, இரவு 10.45

தம்பி, இருபது வருஷத்துக்கு மேலாக இந்த வேலைதான் பார்க்கிறேன். ஸ்பைடர் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ராதாபுரம், உவரி, கூடங்குளம் பக்கமிருந்து வருகிற மெஷினில் பாதி இந்தக் கேஸ்தான்.

ஆனால் இரண்டு பக்கத் தாங்கல் என்றால் இரண்டு சீல், ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கிற ரப்பர் வளையம். தண்ணீர் ஒழுகுகிற இடம் இப்போது ஒன்று, நீங்கள் அதை இரண்டாக்குகிறீர்கள். பேரிங் தானாகச் சாவதில்லை, சீல் போன பிறகுதான் சாகிறது. சீலின் ரப்பர் உதடு உப்புப் படிந்து தேய்ந்து, தண்ணீர் உள்ளே போய், கிரீஸ் கழுவிப் போய், குண்டு துருப்பிடித்து, அதற்கப்புறம்தான் நீங்கள் கேட்ட சத்தம். சீல் போன அன்றைக்கு வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிய வரும்போது ஷாஃப்டே தேய்ந்திருக்கும்.

அதனால் சீலும் பேரிங்கும் ஒட்டி உட்காரக் கூடாது. நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். சீல் போனால் தண்ணீர் தரையில் சொட்ட வேண்டும், பேரிங்குக்குள் போகக் கூடாது. சொட்டுவதைப் பார்த்து அம்மாவே போன் போட்டுவிடுவார்கள். நான் போய் சிறிய ரப்பர் வளையம் ஒன்றை மாற்றிவிட்டு வருவேன். தண்ணீர் மோட்டார் பம்ப் பலவற்றில் இப்படிச் சொட்டு ஓட்டை உண்டு.

பேரிங் வெளியே வந்துவிட்டால் மாவு மில்லில் போடுகிற, உறையோடு வருகிற பேரிங்கான பிளம்மர் பிளாக்கே போதும். 25 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு யுசிபி 205 என்ற நம்பர். வார்ப்பிரும்பு உறை, இரண்டு போல்ட், கிரீஸ் அடிக்க நிப்பிள். டவுனில் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். உள்ளே இருக்கிற பேரிங்கை இழுக்கப் புல்லர் வேண்டும், இதற்கு ஒரு ஸ்பேனர் போதும்.

படுக்கை டிரம்மின் வளைந்த பக்கத்தில் வருகிற மூடியை நினைத்தால்தான் எனக்குப் பயம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அந்த மாதிரி மெஷின் ஒன்று என்னிடம் வந்தது. பிழியும்போது மூடியின் கொக்கி விட்டு, மூடி வெளியே விரிந்து டப்பைக் கிழித்திருந்தது. அதற்கு ஒரு வழி சொல்லுங்கள் முதலில்.


மெக்கானிக்கல் 3ஆம் வருஷம்
திங்கள், காலை 7.20

அண்ணாச்சி சொன்ன இடைவெளி அருமை. நான் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

டிரம்மின் ஆரம் 24 சென்டிமீட்டர் என்று வைத்தால், நிமிஷத்துக்கு 1000 சுற்றில் துணியின் மேல் புவியீர்ப்பைப் போல 268 மடங்கு விசை. துணி ஒரு பக்கமாக ஒதுங்கி அரை கிலோ ஏற்றத்தாழ்வு வந்தால் 134 கிலோ இழுப்பு. அதுவும் ஒரே திசையில் இல்லை, விநாடிக்கு 16 தடவைக்கு மேல் சுற்றிச் சுற்றி இழுக்கும். 1400 சுற்று என்றால் அதுவே 263 கிலோ. இந்த ஆட்டத்தை அடக்கத்தான் உள்ளே கான்கிரீட் கட்டி, ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம். சுற்றைப் பாதியாக்கினால் விசை கால்வாசியாகும். 450 சுற்றுக்கு வந்தால் அதே அரை கிலோவுக்கு 27 கிலோதான்.

நம் ஊரில் 1400 சுற்று எதற்கு? வெயிலையும் காற்றையும் பாருங்கள். ஆனி ஆடியில் வள்ளியூர்ப் பக்கம் காற்றாடி சுற்றுகிற காற்றுக்குச் சொட்டச் சொட்டப் போட்ட துணியும் மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில்தான் நன்றாகப் பிழிய வேண்டியிருக்கிறது. இரண்டு மாத மழைக்காக மெஷினைப் பன்னிரண்டு மாதமும் உலுக்குவது சரியில்லை என்று நினைக்கிறேன்.

அதற்குத் தனி ஸ்பின்னர் போதும். செமி ஆட்டோவில் பிழிகிற தொட்டியின் ஆரம் 12 சென்டிமீட்டர் அளவுதான், ஆனால் 1350 சுற்று ஓடும். 244 மடங்கு வருகிறது. பெரிய மெஷின் 1000 சுற்றில் செய்வதைக் கிட்டத்தட்ட இந்தச் சின்னத் தொட்டியே செய்துவிடுகிறது.

போர்டு இல்லாமல் இரண்டு வேகம் வேண்டுமென்றால் பழைய ஐரோப்பிய மெஷின்களில் இருந்த இரட்டைச் சுருள் மோட்டாரைப் பார்க்கலாம். 2 போல் (காந்த முனை), 16 போல் என்று ஒரே மோட்டாரில் இரண்டு சுருள். ஒரே பெல்ட்டில் துவைக்க 55 சுற்று, வடிக்க 450 சுற்று என்று அமைக்க முடியும். முன்னும் பின்னும் திருப்ப செமி ஆட்டோவின் டைமர் திருகே போதும்.


தேரிக்காட்டான்
திங்கள், மதியம் 1.05

அண்ணாச்சி, இடைவெளி யோசனைக்கு ரொம்ப நன்றி. நான் சீலை எப்படி வலுவாக்குவது என்றுதான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். சீல் போகத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டு செய்வது எனக்குத் தோன்றவே இல்லை. 450 சுற்றும் தனி ஸ்பின்னரும் எனக்குச் சம்மதம். மூடிக்கு இன்னும் வழி தெரியவில்லை.


வள்ளியூர் டீச்சர்
திங்கள், இரவு 8.30

நான் பதினொரு வருஷமாகச் செமி ஆட்டோ வைத்திருக்கிறேன். எல்லோரும் பேரிங்கைப் பற்றியே பேசுகிறீர்கள், துவைக்கிற ஆளைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

ஃபுல் ஆட்டோ வாங்க வசதி இல்லாமல் இல்லை. தண்ணீர்தான் காரணம். குழாயில் வருகிற நாளில் பிடித்து வைத்தால்தான் உண்டு. ஒரு தொட்டி சோப்புத் தண்ணீரில் முதலில் பள்ளிக்கூடச் சட்டை, வேட்டி. அதே தண்ணீரில் அடுத்து கலர் துணி. அதற்கடுத்து கால்மிதி, கரித்துணி. மூன்று நடை ஓடும். ஆட்டோமேட்டிக் மெஷின் ஒவ்வொரு நடைக்கும் எல்லாத் தண்ணீரையும் சாக்கடையில் தள்ளிவிடும். என்னிடம் கேட்காமலே தள்ளும். நீங்கள் செய்யப்போகிற மெஷினில் தண்ணீரை எப்போது விடுவது என்பது என் கையில் இருக்க வேண்டும். அலசின தண்ணீர் அடுத்த நடைக்குச் சோப்புத் தண்ணீராகப் போக, பக்கத்தில் ஒரு தொட்டி, ஒரு திருகு வால்வு. அவ்வளவுதான்.

அடுத்தது உயரம். 5 கிலோ துணி நனைந்தால் 15 கிலோ வரை போகும். அதைக் குனிந்து அள்ளிப் பக்கத்துத் தொட்டியில் போடுவதுதான் செமி ஆட்டோவில் கஷ்டம். என் மாமியாருக்கு மூட்டு வலி வந்த பிறகு அவர்களால் மெஷின் பக்கமே போக முடியவில்லை. எங்கள் மைனி வீட்டில் ஃப்ரன்ட் லோடு, அதற்குத் தரையில் உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். மேலே திறக்கிற படுக்கை டிரம் என்றால் குனிய வேண்டாம், எட்டி ஆழத்திலும் துழாவ வேண்டாம். எனக்கு இந்த யோசனை பிடித்ததே அதனால்தான். டிரம்மின் வாய் அடுப்படி மேடை உயரத்தில் இருக்கட்டும். கீழே கிடைக்கிற இடத்தில் அந்த இரண்டாவது தொட்டியை வையுங்கள்.

திருகில் தமிழில் எழுதுங்கள். ஊற, துவை, வடி. மூன்றே போதும்.

அப்புறம் அந்த மூடி. உள்மூடி குக்கர் பார்த்திருப்பீர்கள்தானே? முட்டை வடிவ மூடியைச் சாய்த்து உள்ளே விட்டு மேலே இழுத்து மாட்டுவோம். உள்ளே ஆவி ஏற ஏற மூடி இன்னும் இறுகும், அழுத்தம் இருக்கிற வரை திறக்க நினைத்தாலும் திறக்காது. டிரம்முக்கும் அப்படி உள்ளிருந்து மாட்டுகிற மூடி வைத்தால், சுற்றும்போது துணி மூடியை வெளியே தள்ளும், தள்ளத் தள்ள அது விளிம்பில் இறுகத்தானே செய்யும்?


பாளை ஸ்பேனர்
திங்கள், இரவு 8.52

டீச்சரம்மா, இருபது வருஷத்தில் எனக்கு இது தோன்றவில்லை. கொக்கி முறிந்தாலும் மூடி வெளியே வராது. டிரம்மை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பினால் மூடியைச் சாய்த்து விட இடம் இருக்காது, அது ஒன்றுதான். முக்கால்வாசிக்கு மேல் நிரப்பினால் எந்த மெஷினிலும் அழுக்குப் போகாது, அதனால் நல்லதுதான்.


துறை வீட்டுப் பேரன்
செவ்வாய், காலை 6.15

எங்கள் தாத்தா சேரன்மகாதேவிப் பக்கம் தாமிரபரணித் துறையில் துவைத்தவர். ஊர்த்துணி அவ்வளவும் அவர் தோள் வழியாகத்தான் ஆற்றுக்குப் போய் வந்தது. நான் பாளையங்கோட்டையில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறேன். அவர் வேலையிலிருந்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

கல்லில் அடித்துத்தான் அழுக்குப் போகிறது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அடிப்பது கடைசி வேலை. முந்தின நாளே துணியை உவர்மண் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்து, வெள்ளாவிப் பானையைச் சுற்றி அடுக்கி, கீழே தீ போட்டு ராத்திரி முழுக்க ஆவியில் வைப்பார்கள். உவர்மண்ணில் இருப்பது சோடா உப்பு. காரமும் சூடும் நேரமும் சேர்ந்து அழுக்கைக் கழற்றிவிடும். விடிந்ததும் ஆற்றில் நாலு அடி, ரெண்டு அலசு. தாத்தா துவைத்த வேட்டி வருஷக்கணக்கில் கிழியாது. இப்போது என் கடைக்கு வருகிற சட்டைகளில் காலர் ஓரம் மெஷின் உரசியே நைந்துபோய் வருகிறது.

மெஷின் அவசரப்படுகிறது. ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்பதற்காக உருட்டி உருட்டி எடுக்கிறது. ராத்திரி ஊறப்போட்டால் காலையில் பத்து நிமிஷம் உருட்டினால் போதுமே. உங்கள் தொட்டியின் சுவரை இரண்டு அடுக்காக வைத்து நடுவில் தெர்மோகோல் போடுங்கள். மொட்டை மாடியில் கறுப்பு டேங்க் தண்ணீர் சாயங்காலம் எப்படிக் கொதிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதை அப்படியே இறக்கி ஊறவிட்டால் ஹீட்டர் எதற்கு?

தாத்தா போன பிறகு வெள்ளாவிப் பானை இருந்த இடத்தில் வீட்டை விரித்துக் கட்டிவிட்டோம். அந்த அறிவு ஒரு மெஷினுக்குள்ளாவது போய் உட்கார்ந்தால் எனக்குச் சந்தோஷம்.


மெக்கானிக்கல் 3ஆம் வருஷம்
செவ்வாய், காலை 9.40

அண்ணாச்சி, உங்கள் தாத்தா செய்ததை ஜெர்மனியில் ஹெர்பெர்ட் சின்னர் என்ற வேதியியலாளர் 1959-இல் ஒரு வட்டமாகவே வரைந்து வைத்தார். காரம், சூடு, நேரம், உரசல் என்ற நான்கு பங்கு. ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டி ஈடுகட்டலாம். மோட்டாரின் வேலையைக் குறைத்து நேரத்தைக் கூட்டினால் கரண்டும் மிச்சம், துணியும் மிச்சம். வெள்ளாவியை யாரும் எனக்கு இப்படிச் சொல்லித் தந்ததில்லை.

கான்கிரீட் பாரத்துக்கு ஒரு யோசனை. 2017-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழகத்தில் 25 கிலோ கான்கிரீட்டுக்குப் பதிலாக மூடிய பிளாஸ்டிக் பெட்டி வைத்து, மெஷின் வீட்டுக்கு வந்த பிறகு தண்ணீர் நிரப்பலாம் என்று காட்டினார்கள். லாரியில் பாரம் குறையும் என்பது அவர்கள் கணக்கு. நமக்குத் தண்ணீர்கூட வேண்டாம், திசையன்விளையில் செம்மணல் மேடான தேரியின் மணல் இருக்கிறது. அது கான்கிரீட்டைவிட லேசு என்பதால் பெட்டி ஒன்றரை மடங்கு பெரிதாக வேண்டும். 450 சுற்றுக்கு அவ்வளவு பாரமும் தேவைப்படாது.


அம்பை ஆத்துக்காரன்
செவ்வாய், மதியம் 2.25

எங்கள் பக்கம் இந்தத் தொல்லையே இல்லை. பாபநாசத்திலிருந்து இறங்குகிற தண்ணீர், சோப்பு கையில் பட்டதும் நுரைக்கும். எங்கள் ஃப்ரன்ட் லோடு பன்னிரண்டு வருஷமாக ஒரு ஸ்குரூ கழற்றாமல் ஓடுகிறது. கம்பெனி மெஷினில் குறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தண்ணீரைச் சரிசெய்தால் போதாதா? மெஷினையே மாற்ற வேண்டுமா?


பாளை ஸ்பேனர்
செவ்வாய், இரவு 9.15

நீங்கள் கொடுத்து வைத்தவர். ஒரே மாவட்டத்தில் பொருநை, அதாவது தாமிரபரணித் தண்ணீரில் துவைக்கிறவரும் இருக்கிறார், போர் தண்ணீரில் துவைக்கிறவரும் இருக்கிறார். கடையில் இருவருக்கும் ஒரே மெஷின்தான்.

தண்ணீரைச் சரிசெய்வதற்கும் வழி உண்டு. சலவைச் சோடாவைத் தொட்டித் தண்ணீரில் முந்தின நாளே கலந்து வைத்தால் சுண்ணாம்பு அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துத் துவைக்கலாம். மெஷினுக்குள்ளேயே கொட்டினால் அந்தச் சுண்ணாம்பு துணியில் ஒட்டும். ஆனால் சோடா காரம், இப்போதுள்ள ஸ்பைடருக்கு அது ஆகவே ஆகாது. தம்பி சொல்கிற மாதிரி உள்ளே அலுமினியமே இல்லையென்றால் தைரியமாகச் சோடாத் தண்ணீர் விடலாம். ஆனால் சோடாவால் உப்பு போகாது. கடல் ஓரத்து உப்புக்கு 304 ரக ஸ்டெயின்லெஸும் புள்ளி புள்ளியாக அரிக்கும், உவரிப் பக்கம் என்றால் 316 போடுங்கள். விலை கூடத்தான் செய்யும்.

போர்டு வேண்டாம் என்றதற்கும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 17, 18 மழையில் திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணீரில் நின்றது மறக்காது. அதற்கப்புறம் இரண்டு மாதம் என் கடை வாசலில் சேறு பூசிய மெஷின்கள் வரிசையாக நின்றன. செமி ஆட்டோக்களை மோட்டாரைக் கழற்றிக் கழுவி, வெயிலில் வைத்து, சுருளைச் சூட்டில் உலர்த்தி, பேரிங்கும் கப்பாசிட்டரும் மாற்றி ஓட வைத்தேன். போர்டு வைத்த மெஷின்களில் பலவற்றுக்கு மெஷின் விலையில் பெரும்பங்கு செலவாகும் என்றதும் அப்படியே எடைக்குப் போட்டுவிட்டார்கள். கடன் வாங்கி வாங்கின மெஷினை எடைக்குப் போடுகிறவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.


தேரிக்காட்டான்
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.30

வள்ளியூரில் தெரிந்த லேத் பட்டறையில் ஆரம்பித்துவிட்டேன். அறுத்த மெஷினின் டிரம்மையே எடுத்துக்கொண்டேன், அது நன்றாகத்தான் இருந்தது. பக்கத்துக்கு ஒரு 304 தகடு, அதில் 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் துண்டு வெல்டிங். பக்கத்துக்கு ஒரு பிளம்மர் பிளாக், சீலிலிருந்து 35 மில்லிமீட்டர் தள்ளி. மோட்டார் இன்னும் வரவில்லை, கையால்தான் சுற்றுகிறேன்.

முதல் சோதனையாக, ஒரு சீலின் உதட்டை வேண்டுமென்றே பிளேடால் கீறிவிட்டுத் தண்ணீர் நிரப்பினேன். பத்து நிமிஷத்தில் தரையில் நல்ல ஈரம். ஆனால் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டே நடந்து ஒரு சொட்டு பேரிங் வரைக்கும் போய்விட்டது. அண்ணாச்சியைப் போனில் கேட்டேன், ஷாஃப்டில் ஒரு ரப்பர் வாஷரை இறுக்கமாக மாட்டச் சொன்னார். இப்போது தண்ணீர் வாஷர் ஓரம் வந்து கீழே விழுந்துவிடுகிறது. ஒரு ராத்திரி முழுக்க விட்டுப் பார்த்தேன், காலையில் பேரிங் உறையில் விரல் வைத்தால் காய்ந்திருந்தது.

உயரம் பார்க்க ஹாலோ பிளாக்கை அடுக்கி அதன்மேல் டப்பை வைத்தேன். அடுப்படி மேடை உயரம் அம்மாவுக்குக் கூடுதல். காய்கறி நறுக்க அது சரி, ஈரத் துணியை உள்ளேயிருந்து தூக்கும்போது முழங்கை தோளுக்கு மேலே போகிறது. நாலு அங்குலம் இறக்கியதும், ‘இப்பதான் கை வலிக்கலை’ என்றார்கள். டீச்சர், உங்கள் மாமியாருக்கும் அளந்து சொல்லுங்கள், மெஷினின் காலை ஏற்றி இறக்குகிற மாதிரி திருகு வைத்துவிடுகிறேன்.

உள்மூடி மாட்டியாகிவிட்டது. முட்டை வடிவத்தில் 32 சென்டிமீட்டருக்கு 22. கையால் வேகமாகச் சுற்றினால் நிஜமாகவே இறுகுகிறது. இரண்டாவது தொட்டிக்கு 100 லிட்டர் நீல டிரம்மைப் படுக்க வைத்திருக்கிறேன். அதன் அடியில் தேரி மண் தங்க ஒரு கிண்ணமும் திருகு மூடியும் வைத்தேன். ஒரே நடையில் இரண்டு கைப்பிடி செம்மண் வந்தது. இதுவரை அது எல்லாம் எங்கள் மெஷின் பம்ப் வழியாகத்தான் போயிருக்கிறது.


துறை வீட்டுப் பேரன்
ஞாயிறு, மாலை 7.00

மோட்டார் வந்ததும் சொல்லுங்கள். கடையிலிருந்து காலர் அழுக்குச் சட்டை இருபது தருகிறேன். பத்தை ராத்திரி ஊறவைத்து, பத்தை ஊறவைக்காமல் துவைத்துப் பார்ப்போம்.


வள்ளியூர் டீச்சர்
ஞாயிறு, இரவு 7.40

மாமியாருக்கு உங்கள் அம்மாவைவிட இன்னும் இரண்டு அங்குலம் இறங்க வேண்டும், இப்போதுதான் அளந்தேன். 22 சென்டிமீட்டர் வாயில் போர்வை போகும். ஜமுக்காளம் போகுமா?


தேரிக்காட்டான்
ஞாயிறு, இரவு 7.55

வீட்டில் பெரிய ஜமுக்காளம் ஒன்று இருக்கிறது. நாளைக் காலையில் நனைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.